தக்காளிக்கு ஆகாத கை

செடிக்கடைக்காரர் இலையைத் தொடவில்லை. குனிந்து, தலையைச் சாய்த்து, வெயில் படுகிற பக்கமாகப் பார்த்தார். பார்த்த மாத்திரத்தில் உதட்டைப் பிதுக்கினார்.

தையல்காரருக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

செடி சாகக் கிடக்கிறது, இந்த மனுஷனுக்கு என்ன சந்தோஷம் என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது.

இது மூன்றாவது தக்காளிச் செடி. முதல் இரண்டும் இலையெல்லாம் வெளிர்பச்சையும் கரும்பச்சையுமாகத் திட்டுத் திட்டாகி, நுனி சுருண்டு, காய் பிடிக்கிற நேரத்தில் கையை விரித்துவிட்டன.

அப்போதே கடைக்காரர் சொல்லிவிட்டார். இது புகையிலையில் இருக்கிற வைரஸ். சிகரெட் பிடித்த விரலால் செடியைத் தொட்டால் ஒட்டிக்கொள்ளும். வந்துவிட்டால் மருந்து கிடையாது, பிடுங்கிப் போட வேண்டியதுதான்.

வீட்டில் இருப்பதே இரண்டு பேர். இருபத்திரண்டு வருடம் ஊதித் தள்ளியவர் தையல்காரர். அவர் மனைவியோ ஆஸ்பத்திரியின் நுரையீரல் வார்டில் ஹெட் நர்ஸ். அவள் செருப்புச் சத்தம் கேட்டாலே நோயாளிகள் தலையணை உறைக்குள் பாக்கெட்டைத் திணிப்பார்களாம். டாக்டர்களிலேயே ஒருத்தர் இரண்டு பேர் பின்பக்கப் படிக்கட்டில் நழுவுவார்களாம்.

அப்பேர்ப்பட்டவளிடம், சிகரெட்டை விட்டு நாலு மாதம் ஆகிறது என்று தையல்காரர் சொன்னால் எடுபடுமா? அவள் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்யப் போனார். கையைத் தட்டிவிட்டாள்.

"செடி பொய் சொல்லுமா?" என்றாள்.

உண்மையில் அவர் விட்டுத்தான் இருந்தார். நாக்கு நமநமக்கும்போதெல்லாம் வாயில் ஒரு சட்டைப் பொத்தானைப் போட்டுச் சப்பிக்கொண்டு தையல் மிஷினை மிதித்தார். அதில் இரண்டு பொத்தான் வயிற்றுக்குள்ளும் போயாயிற்று. இவ்வளவு பாடுபட்டும் கட்டினவளே நம்பவில்லை என்பது அவருக்குச் சோறு இறங்காத வருத்தம்.

மூன்றாவது செடிக்கு ஏகக் கெடுபிடி. புதுத் தொட்டி, புது மண், வேறு விதை. மொட்டை மாடியில் கம்பிவலைக் கூண்டு, அதற்கு ஒரு பூட்டு, சாவி அவள் கைப்பையில். கூண்டுக்கு மூன்றடி முன்னால் தரையில் ஒரு கோடு. அதையும் இவருடைய தையல் சாக்கட்டியை எடுத்தே கிழித்திருந்தாள். தாண்டக்கூடாது.

தாண்டவில்லை. பிறந்த குழந்தையைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கிற அப்பன் மாதிரி, பூத்ததையும் பிஞ்சு விட்டதையும் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றே பார்த்தார்.

தண்ணீர் ஊற்றுவது, குச்சி கட்டுவது, பழுத்த இலை கிள்ளுவது எல்லாம் அவள்தான். டியூட்டி முடிந்து வந்ததும் நேரே மாடிக்குப் போனால் அரை மணி நேரம் இறங்கமாட்டாள்.

செடி தளதளவென்று வளர வளர தையல்காரருக்குக் கவலையும் வளர்ந்தது. இது நல்லபடியாகக் காய்த்துவிட்டால், பழைய இரண்டையும் கொன்றது இவர் கைதான் என்று ஆகிவிடும். செடி பிழைத்தால் இவர் திருடன். செடி செத்தால் இவர் யோக்கியன். ஒரு மனுஷனை எங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறாள், பாருங்கள்.

இன்று காலை ஓர் இலையில் வெளிர்பச்சைத் திட்டைப் பார்த்தார். காபியைக்கூட முடிக்கவில்லை. அவள் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, ஓடிப்போய்க் கடைக்காரரைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

கடைக்காரர் நிமிர்ந்தார்.

"அதே வியாதிதான் சிஸ்டர். பூச்சியெல்லாம் இல்ல, கைதான். சிகரெட் கையோட யாரோ தொட்டிருக்காங்க."

தையல்காரர் தொண்டையைச் செருமினார். சாவி யாரிடம் இருந்தது, கோட்டைத் தாண்டியது யார் என்று கேட்கவேண்டிய கேள்விகளை மூன்று வாரமாக மிஷின் முன்னால் சொல்லிச் சொல்லிப் பார்த்து வைத்திருந்தார். ஜெயித்த முகத்தோடு மனைவி பக்கம் திரும்பினார்.

அவள் அவரைப் பார்க்கவில்லை.

வேறொரு நாளாக இருந்தால் கடைக்காரர் வாயை மூடுவதற்குள் இவர்மேல் பாய்ந்திருப்பாள். இன்றோ இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, தலையைக் குனிந்து நின்றாள்.

தையல்காரர் கூண்டைப் பார்த்தார். பூட்டைப் பார்த்தார். அந்தக் கூண்டுக்குள் போய்வந்தவை மொத்தமே இரண்டு கைகள்தான்.

கோபம் வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. ஐயோ பாவமே என்றுதான் இருந்தது.

"நான்தாங்க. பைக்குள்ளேருந்து சாவிய எடுத்து, ஒரே ஒரு தடவ தொறந்துட்டேன்," என்றார் கடைக்காரரிடம்.

கடைக்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார். நினைச்சேன் என்றார். இப்படி ஒரு சம்சாரம் வாய்த்தும் திருந்தவில்லையே என்று தலையில் அடித்துக்கொண்டு படியிறங்கிப் போனார். மத்தியானத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். தெரியட்டும் என்று இருந்தது தையல்காரருக்கு.

அவள் கூண்டைத் திறந்தாள். செடியை வேரோடு பிடுங்கிப் பாலித்தீன் பையில் போட்டு, வாயை இறுக்கிக் கட்டினாள். பிறகு மாடிச் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அவரும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். பழக்கதோஷத்தில் திட்டு விழும் என்று எதிர்பார்த்தார்.

கையிலிருந்த மண்ணைப் பார்த்தபடியே அவள் கேட்டாள்.

"ஏங்க, நீங்க விட்டப்ப... மொத வாரம் ரொம்பக் கஷ்டமா இருந்துச்சா?"