பதில் போக வேண்டிய முகவரி

“உங்க கம்பெனில மொத்தம் எத்தனை பேர் மேடம்?”

“நூத்தி நாப்பத்திரண்டு.”

கம்ப்யூட்டர் கடைக்காரர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். காலையிலிருந்து ஒரு மவுஸ் மட்டுமே விற்றிருந்தது. எது பழுதானாலும் முதலில் ஒரே கேள்வியைக் கேட்பதால் தெருவில் அவருக்கு ‘ரீஸ்டார்ட்’ என்றே பெயர்.

“அப்ப நூத்தி நாப்பத்திரண்டு மெயில் ஐடி போட்டுடலாம்.”

“ஒண்ணு போதும் தம்பி.”

அவள் ஒரு தாளை நகர்த்தினாள். டொமைன் பெயர், பாஸ்வேர்ட், வேண்டிய முகவரி எல்லாம் நிறுத்தி எழுதிய கையெழுத்தில் இருந்தன.

“இவ்வளவு நீளமாவா? அடிக்கிறதுக்குள்ள விரல் தேஞ்சிடும். சுருக்கமா ஒண்ணு வச்சுக்கலாமே.”

“இதேதான் வேணும். ஒரு புள்ளிகூட மாறக்கூடாது. அஞ்சு மணிக்குள்ள வேலை செய்யணும்.”

“அப்படி என்ன அவசரம்?”

பஸ் நேரம் சொல்வதுபோல ஏற்ற இறக்கமில்லாமல் சொன்னாள். பம்ப் தயாரிக்கும் கம்பெனி அது. அங்கே ஆட்களின் பதிவேடுகளைப் பார்த்துக்கொண்டவள் அவள். மூடி எட்டு மாதம் ஆகிறது. ‘ஆளுங்களைப் பத்தி யாராவது விசாரிச்சா நீயே பதில் சொல்லிடும்மா’ என்று முதலாளி டொமைனை அவள் பெயருக்கு மாற்றிக் கொடுத்திருந்தார். மெயில் எப்போதோ நின்றுவிட்டது.

அங்கே ஸ்டோரில் இருந்த பெண்ணுக்கு இப்போது வேறிடத்தில் வேலை கூடி வரும்போல இருக்கிறது. ஒரு இடம், கடைசியாக நிற்பது இரண்டு பேர். பழைய கம்பெனியிலிருந்து நல்ல வார்த்தை வருகிறவருக்குத்தான் வேலை. விசாரித்து அனுப்பிய மெயில் இரண்டு முறை திரும்பிவிட்டது. இன்று ஐந்து மணிதான் கெடு.

“அந்தப் பொண்ணோட வீட்டுக்காரர் படுக்கையில இருக்கார். ரெண்டு சின்னப் பிள்ளைங்க,” என்று முடித்தாள்.

கடைக்காரர் கீபோர்டை இழுத்துக்கொண்டார். டொமைன் செட்டிங்ஸில் பழைய மெயில் சர்வரின் பெயரை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டார். வெப்மெயிலில் கணக்கைத் திறந்து, தன் ஐடியிலிருந்து ஒரு சோதனை மெயில் அனுப்பினார்.

அது திரும்பி வந்தது.

“மாத்தினது இன்னும் எல்லா இடத்துக்கும் பரவல மேடம். வீடு மாறினா தபால்காரருக்குத் தெரியக் கொஞ்ச நாள் ஆகும்ல, அந்த மாதிரி. இதுக்கு ஒரு மணி நேரம், ரெண்டு மணி நேரம்.”

“ரீஸ்டார்ட் பண்ணிப் பார்க்கிறீங்களா?”

அவர் திரும்பிப் பார்த்தார். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

பிளாஸ்டிக் ஸ்டூலில் நிமிர்ந்தபடியே உட்கார்ந்திருந்தாள். அவர் வரவழைத்துக் கொடுத்த டீயில் ஆடை படிந்தது. குடிக்க வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ அவளுக்குத் தோன்றவில்லை. நாலேகாலுக்கு ஆறாவது சோதனை மெயில் திரும்பாமல் உள்ளே வந்து விழுந்தது.

உடனே அந்தப் பெண்ணுக்குப் போன் செய்தாள். “மெயில் சரியாயிடுச்சும்மா. அவங்களை மறுபடி அனுப்பச் சொல்லு.”

“அக்கா, நேரம் இருக்கா அக்கா?” போனுக்குள் அழுகை கேட்டது.

“இருக்கு. அழாம சொல்லு.”

நாலரைக்கு ஒரு மெயில் வந்தது.

“வந்தாச்சு மேடம், திறங்க.”

தலைப்பைப் படித்தாள். “இது இல்ல. இன்னொண்ணு வரும்.”

பத்து நிமிடம் கழித்து இன்னொன்றும் வந்தது. அதைத் திறந்து, ஒரு கணம் கண்ணை மூடிக்கொண்டு, பிறகு தட்டத் தொடங்கினாள். ஒருவரைப் பற்றி எழுதும்போது கடவுளும் பக்கத்தில் நின்று படிக்கிறார் என்று நம்புகிறவள் அவள். அதனால் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. ஸ்டோரில் நாலு வருடம். ஒரு சாமான் காணாமல் போனதில்லை. தப்பு நேர்ந்தால் தானே வந்து சொல்லிவிடுவார். கம்பெனி இப்போது இல்லை. ஆட்களின் பதிவேடுகள் என்னிடம் இருக்கின்றன. கீழே தன் முழுப்பெயரைப் போட்டு அனுப்பினாள்.

“போயிடுச்சா தம்பி?”

“போயிடுச்சு. திரும்பி வரல.” அவருக்கே ஏதோ பரீட்சை முடிந்தது போலிருந்தது. “முதல்ல வந்தது அப்படியே கிடக்கே மேடம். அதுவும் அதே இடத்துலேர்ந்துதான்.”

“தெரியும்.”

“இந்தப் பொண்ணுகூட நிக்கிற இன்னொரு ஆளா? அவங்களும் உங்க கம்பெனிதானா?”

“ஆமா. பத்தொன்பது வருஷம்.”

“அவங்க மேல ஏதாவது கோபமா?”

“கோபமெல்லாம் ஒண்ணும் இல்ல.”

“அப்புறம் என்ன மேடம்? இன்னும் பதினஞ்சு நிமிஷம் இருக்கு. தப்பா நினைக்காதீங்க, ஒருத்தருக்கு நல்லது செஞ்சுட்டு இன்னொருத்தர் சோத்துல மண்ணைப் போடலாமா? அவங்களும் எங்கயோ உக்காந்து இந்த பதிலுக்குத்தானே காத்துக்கிட்டு இருப்பாங்க. உங்களுக்கு நாலு வரி. அவங்களுக்கு அதான் வாழ்க்கை.”

அவள் தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்தாள்.

“என்னைப் பத்தி நானே எப்படித் தம்பி எழுதுறது?”