சொட்டு நிற்கும்போது

மத்தியான வெயில் சமையலறைக்குள் சாய்வாக விழுகிறது. அவள் கணவருக்கு மூக்குக்குழாய் வழியாகப் பால் இறக்கிய இரும்பு ஸ்டாண்டில், துணியில் கட்டிய திரிந்த பால் தொங்குகிறது. அவர் போய்ச் சேர்ந்த பிறகும் அவருக்கென்று சொல்லிவைத்த பால் தினமும் வருகிறது. நிறுத்தச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அதனால் திரியவைத்துச் சீஸ் பண்ணுகிறாள். தின்னத்தான் ஆளில்லை. மஞ்சள் பாய்ந்த தண்ணீர் சொட்டுச் சொட்டாகக் கீழே இருக்கும் பாத்திரத்தில் விழுகிறது. "ஸ்டாண்டைத் திருப்பிக் குடுத்துடலாம்மா," என்கிறான் கதவோரம் நிற்கும் மகன். "அப்புறம் இதை உன் தலையிலயா தொங்கவிடுறது?" என்கிறாள், சொட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். அவன் சிரிக்கப் பார்க்கிறான், சிரிப்பு வரவில்லை. சொட்டு மெதுவாகிறது. ஒன்று நீண்டு தொங்கி விழுகிறது, அடுத்தது வரவேயில்லை. அவள் பதறி எழுகிறாள். அவள் கை, துணி முடிச்சுக்குக் கீழே இல்லாத குழாயைத் துழாவுகிறது. "நின்னுபோச்சுடா, அடுத்த பாட்டில எடு." அவனும் பழைய பழக்கத்தில் விறுவிறுவென்று போய் ஃப்ரிட்ஜைத் திறக்கிறான். அப்பாவின் பால் பாட்டில்கள் நின்ற தட்டில், யாரும் தொடாத சீஸ் உருண்டைகள் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. குளிர் முகத்தில் அடிக்க, கதவைச் சாத்தத் தோன்றாமல் அவன் அப்படியே நிற்கிறான். "சீக்கிரம்டா," என்கிறாள் பின்னாலிருந்து.