ஏழே முக்கால் பள்ளம்

சோலார் பேனல்மேல் சாக்கை விரித்துக்கொண்டிருந்த இரண்டு கைகளைத்தான் சத்தியநாதன் முதலில் பார்த்தார்.

அரிசிச் சாக்குகளைப் பிரித்துச் சேர்த்துத் தைத்த பெரிய படுதா. மேற்கு வரிசையில் நான்கு பேனல்களை அது முழுசாக மூடியிருந்தது.

மணி ஏழே முக்கால்.

இரண்டு மாதத்துக்கு முன் நாரணாபுரம் பள்ளிக்கூடத்து மொட்டைமாடியில் இந்தப் பேனல்களை மாட்டியது அவர்தான். அந்த வாரத்திலிருந்தே, அவர் கைபேசியில் வரும் மின் உற்பத்திக் கோட்டில் தினமும் ஒரு பள்ளம். ஏழே முக்காலுக்கு விழும். எட்டேகாலுக்கு ஏறிவிடும். ஞாயிற்றுக்கிழமையும் தப்பாது.

மேகம் இப்படி மணி பார்த்து வராது. வயரில் கோளாறு என்றால் இப்படித் தானாகச் சரியாகாது.

போவது தினமும் அரை யூனிட்தான். விட்டுத் தொலைக்க அவருக்கு மனம் வரவில்லை. உலகத்துக்கு இனிமேல் வேண்டிய மின்சாரம் முழுவதையும் நிலக்கரி தர முடியாது, இப்படி ஒவ்வொரு கூரையிலிருந்தும் அரை அரை யூனிட்டாகத்தான் சேர வேண்டும் என்று, போகிற பள்ளிகளிலெல்லாம் பிள்ளைகளுக்குச் சொல்கிறவர் அவர். ஜெபத்தில் கண்ணை மூடினால்கூட அந்தப் பள்ளம்தான் வந்தது.

இப்போது அது கை கால் முளைத்து எதிரே நின்றது. பள்ளியில் காலைச் சாப்பாடு சமைக்கும் ரோஜா.

“ஏம்மா, சூரியனைச் சாக்குல கட்டி வீட்டுக்குக் கொண்டு போறியாக்கும்?”

“அது எங்கயும் போயிராது அண்ணாச்சி. அரை மணி பொறுங்க. கீழ உப்புமாவை இறக்கி வச்சுட்டு நானே வந்து எடுத்திருவேன்.”

தலைமையாசிரியை ஞானஜோதி நேற்றுத்தான் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். பேனலில் கை வைப்பது யாரென்று பெயரை எழுதிக் கொடுங்கள், அன்றைக்கே வேலையைவிட்டு நிறுத்திவிடுகிறேன் என்று.

ரோஜாவுக்கும் அது தெரியும். இருந்தும் அவள் படுதாவின் ஓரத்தை விடவில்லை.

சத்தியநாதன் மறுஓரத்தைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தார்.

பேனலில் பட்ட காலை வெயில் தெறித்து, சந்துக்கு அந்தப் பக்கத்து வீட்டின் மாடி ஜன்னலுக்குள் பாய்ந்தது.

உள்ளேயிருந்து ஒரு முதிய குரல் அலறியது.

“ஏலே, பொறி விழுந்துருச்சு, ஓடுங்கலே. முனியராஜ், அதைக் கீழ போட்டுட்டு வாலே. வந்துருய்யா, வந்துரு.”

ரோஜா படுதாவைப் பிடுங்கி மறுபடி விரித்தாள்.

குரல் மெல்ல இறங்கி, அழுகையாகி, நின்றது. சந்தில் ஆள் இல்லை. பட்டாசுக் கம்பெனி வேன்கள் ஏழு மணிக்கே எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போயிருந்தன.

“பட்டாசுக் கம்பெனி போர்மேன், ஆண்டிச்சாமி,” என்றாள் ரோஜா. “ரெண்டு வருசத்துக்கு முந்தி மருந்து ரூம் வெடிச்சப்ப, வெளிய நின்ன இவர் மேல சுவர் விழுந்து இடுப்பு போயிருச்சு. பளிச்சுன்னு வெளிச்சம் பட்டா, அந்த நாளுக்கே போயிர்றாரு.”

“ஜன்னலைச் சாத்தலாமே.”

“சாத்துனா மூச்சு முட்டுதுங்காரு. அவரு சம்சாரம் ஒத்தையா எம்புட்டுத்தான் பாக்கும்? அதான் நான் ஏறிக்கிடுறேன்.”

சத்தியநாதன் பையிலிருந்து அறிக்கைத் தாளை எடுத்தார். ‘காரணம்’ என்ற கட்டத்தின் மேல் பேனா வெகுநேரம் நின்றது. பேனல் எந்தப் பக்கம் வெயிலை வாங்கும் என்று அளந்து அளந்து மாட்டியவர், வாங்கிய வெயிலை அது யார் வீட்டில் எறியும் என்று ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை.

எழுதிவிட்டுத் தாளை ரோஜாவிடம் நீட்டினார்.

‘நான்கு பேனல்கள் தவறான இடத்தில் வைக்கப்பட்டுள்ளன. வைத்தவர் சத்தியநாதன். என் பொறுப்பில் கிழக்கு ஓரத்துக்கு மாற்றித் தருகிறேன்.’

அவள் எழுத்துக் கூட்டி வாசித்தாள். மேலிருந்து கீழ்வரை தன் பெயரைத் தேடினாள். இல்லை.

“நாளைக்கே மாத்திர்றேன். இனி நீ ஏற வேண்டாம்மா,” என்றவர், கேட்காமல் இருக்க முடியாமல் கேட்டார். “அந்த முனியராஜ் ஓடித் தப்பிச்சுட்டானா?”

ரோஜா படுதாவின் சுருக்கத்தை நீவிவிட்டாள்.

“அவரு எம் வீட்டுக்காரர் அண்ணாச்சி. வெளிய வரலை.”

சத்தியநாதன் குனிந்து படுதாவின் மறுஓரத்தை இழுத்துச் சரிசெய்தார்.

“பொறியைக் கண்டதும் போர்மேன் ஒத்த வார்த்தை சொல்லாம தன் உசிரை மட்டும் காப்பாத்திக்கிட்டாருன்னுதான் ஊரே பேசுச்சு. நானும் வெள்ளிக்கு வெள்ளி அந்த வாசல்ல மண்ணை வாரித் தூத்துவேன். நீங்க பேனல் மாட்டுனதுக்கு மறுநா காலையிலதான், இவர் எம் வீட்டுக்காரரை வந்துரு வந்துருன்னு கூப்பிட்டதையே கேட்டேன்.”

எதிர் ஜன்னலில் ஆண்டிச்சாமியின் மனைவி வந்து இந்தப் பக்கம் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

“எங்க அத்தை இன்னும் தூத்திக்கிட்டுத்தான் இருக்காக. நான் சொன்னா, பெத்த வயிறு எனக்குத்தாண்டி எரியும்னு ஏசுறாக. இங்கன கூட்டியாந்து கேக்க வச்சா நம்புவாக. ஆனா அதுக்கு இந்தச் சாக்கை எடுக்கணும்ல.”

சத்தியநாதன் அறிக்கையை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

“அவர் கூப்பிட்டதை நானும் என் காதால கேட்டேனேம்மா, நான் வந்து சொல்றேன்,” என்றார். “உங்க அத்தை வீடு எங்கன இருக்கு?”