அசைந்த படம்

"ஹால் பெரிசாத் தெரியணும்னா கேமராவை மூலையில, நெஞ்சு உயரத்துல வைக்கணும்மா" என்றார், வீட்டு விற்பனை விளம்பரத்துக்குப் படமெடுக்க வந்த புகைப்படக்காரர். திரைச்சீலைகளை விலக்கி விளக்குகளையெல்லாம் போட்டார். கண்ணாடியில் ஆள் பிம்பம் விழக்கூடாதென்று வீட்டுக்காரம்மாவையும் வாசலுக்கு அழைத்துவந்து, செல்போனிலிருந்தே கேமராவை இயக்கினார்.

வீட்டை விற்க அவளுக்கு மனசே இல்லை. வேறு வழியும் இல்லை.

படம் வந்ததும் அவர் உதட்டைப் பிதுக்கினார். "மாடிப்படியில யாரோ அசைஞ்சு, கலங்கலா விழுந்திருக்கு."

"மாடியில என் வீட்டுக்காரர் மட்டும்தானே இருக்காரு!"

"அப்ப அவர்தான். கைப்பிடியைப் பிடிச்சு இறங்குறாரு பாருங்க. இதை அழிச்சுட்டு வேற எடுத்துடலாம்."

"ஐயோ, அழிச்சிடாதீங்க!" செல்போனைப் பிடுங்காத குறையாக வாங்கிப் பார்த்தாள்.

ஒரு விபத்துக்குப் பிறகு கட்டிலை விட்டே எழாத மனிதர். அவருக்காகத்தான் படியே இல்லாத வீடு தேடிக்கொண்டிருந்தார்கள்.

உள்ளே ஓடினாள். கடைசிப் படியில், வியர்த்து விறுவிறுத்து, தன் காலிலேயே நின்றுகொண்டிருந்தார் கணவர்.

"வீட்டை விக்க வேணாம்னு சொல்ல எத்தனை தடவை கூப்பிட்டேன்!" என்றார் மூச்சிரைக்க. "உனக்குக் கேக்கலை. அதான் இறங்கி வந்தேன்."