உராய்வைப் புறக்கணிக்க

"ஒருத்தருக்கும் மூச்சு வுடாதீங்க. அவ முடியப் புடிச்சு இழுத்தாறேன்" என்று சொல்லிவிட்டு அப்பா சென்றாயன் வண்டியை உதைத்தார்.

வண்டிச் சத்தம் தெருமுனையைத் தாண்டும்வரை ஐஸ்வர்யா இயற்பியல் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. நாளைக்குப் பரீட்சை.

இயக்கம், விசை, ஆற்றல். மூன்றும் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. இப்போது ஒரு வரியும் மண்டையில் ஏறவில்லை.

காலையில் தையல் கடைக்கென்று கிளம்பிய அக்கா வெண்மதி, மொரப்பூர் பஸ்ஸில் பையோடு உட்கார்ந்திருக்கிறாள் என்று யாரோ போன் போட்டுவிட்டார்கள். வெறும் வாயை மெல்லுகிற ஊருக்கு அவல் கிடைத்தால் விடுமா?

அடுத்த வாரம் அவளுக்கும் தாய்மாமன் மாதவராஜுக்கும் கல்யாணம். உரிமைப் பெண். பெண்ணுக்கு மாமனைப் பிடித்திருக்கிறதா என்று கேட்கும் வழக்கம் அந்த வீட்டில் இல்லை.

அக்கா சென்னையில் வேலை தேடிக்கொண்டாள். மொரப்பூரில் ரயில் ஏற வேண்டும். தங்கச்சியிடம் மட்டும் சொல்லியிருந்தாள்.

ஐஸ்வர்யா பென்சிலை எடுத்து, தாளின் தலையில் மொரப்பூர் என்று எழுதினாள்.

தூரம் பதினெட்டு கிலோமீட்டர். அப்பா நாற்பத்தைந்தில் போவார். ஆக இருபத்து நான்கு நிமிடம். ரயிலுக்கு இன்னும் இருபத்தைந்து இருந்தது.

முடியைப் பிடிக்க அந்த ஒரு நிமிடம் தாராளம்.

அழித்துவிட்டு மறுபடி போட்டாள். வழியில் கேழ்வரகுக் கதிரை ரோட்டில் பரப்பியிருப்பார்கள். அங்கே வேகம் குறையும். நாற்பது என்று வைத்தால் அக்கா தப்பித்தாள்.

ரயில் தாமதமானால் போச்சு. நம் ரயில் என்றைக்கு நேரத்துக்கு வந்திருக்கிறது?

மறுபடி அழித்தாள். தாள் கிழிந்தது.

புத்தகத்தில் கணக்குக்குக் கணக்கு உராய்வைப் புறக்கணிக்கச் சொல்லியிருந்தது. அவளுக்கோ இன்று உலகத்து உராய்வு மொத்தமும் வேண்டியிருந்தது. மேடு, பள்ளம், எருமை, எதிர்க்காற்று, எது வந்தாலும் சரி.

எதிரே அம்மா காசியம்மாள் மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. திட்டவும் இல்லை.

தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். கூடப் பிறந்த தம்பியின் கல்யாணம் நின்றுவிடுமே என்றுதான் அம்மா வாயடைத்துக் கிடக்கிறாள் என்று ஐஸ்வர்யாவுக்குத் தோன்றியது. அந்த நேரத்தில் அம்மாவைப் பார்க்கவே வெறுப்பாக இருந்தது.

கண் நிறைந்து எண்கள் கலங்கின. எப்படிப் போட்டாலும் அப்பாதான் முந்தினார்.

அம்மா முறத்தைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து வந்தாள். கிழிந்த தாளைக் குனிந்து பார்த்தாள். வாசலை ஒரு தரம் பார்த்துக்கொண்டு, மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உங்கப்பன் சட்டை தேடிக்கிட்டிருந்தப்பவே பெட்ரோல் டியூபைப் புடுங்கி, துளி வச்சுட்டு மிச்சத்தையெல்லாம் மண்ணுல வுட்டுட்டேன். வண்டி ஏரிக்கரையத் தாண்டாது. அதையும் சேத்துப் போட்டுப் பாரு" என்றாள்.