கிளம்பாத வண்டி

காலை வெயில் ஏறுகிறது. சற்று ஓடி நின்றுபோன பழைய மோட்டார் சைக்கிளைக் கணவன் உதைத்துக்கொண்டே இருக்கிறான். அது இருமி அடங்குகிறது. மனைவி பையை நெஞ்சோடு அணைத்தபடி வாசலில் நிற்கிறாள். அவள் மார்பிலிருந்த கட்டியைச் சோதித்த முடிவை இன்று டாக்டர் சொல்லப்போகிறார். அவன் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிச் சட்டைநுனியால் துடைக்கிறான். பொறி வருகிறது. டாங்கில் பெட்ரோலும் சளசளக்கிறது. பிறகென்ன கேடு? குனிந்தவன் கண்ணில், டாங்கின் அடியில் எஞ்சினுக்குப் பெட்ரோல் விடும் டேப் மூடிக்கிடப்பது படுகிறது. அவன் அதை ஒருநாளும் மூடுவதில்லை. நிமிர்ந்து பார்க்கிறான். “இன்னைக்கே போகணுமாங்க?” என்கிறாள் அவள், தன் செருப்பைப் பார்த்தபடி. “நானும் கூடத்தானேம்மா வரேன்.” டேப்பைத் திறந்து உதைக்கிறான், இரண்டு உதை வீணாகி, அடுத்ததில் வண்டி உறுமுகிறது. பின்னால் ஏறியவளின் விரல்கள் நகம் பதிய அவன் தோளைப் பற்றுகின்றன. கியர் போட அவன் காலும் தயங்குகிறது.