காலிப் பெட்டி

இன்றைக்கும் அவள் பக்கத்து வீட்டுக்குத்தான் போனாள். டிரைவர் தோட்டத்து நாற்காலியில் உட்கார்ந்தபடி பார்த்துக்கொண்டே இருந்தார். போகிற போக்கில் இவர் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள், அவ்வளவுதான்.

"போ, போ. அவன் வீட்டுலதானே உனக்குப் பட்டுமெத்தை போட்டு வச்சிருக்கு," என்றார் வாய்க்குள்ளேயே.

வேலிமேல் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு, சிறகைத் தட்டிக்கொண்டு அந்தப் பக்கம் இறங்கிவிட்டாள். சிட்டுக்குருவிக்கு வழி கேட்க ஆள் வேண்டுமா என்ன? மூக்கில் ஏதோ தொங்கியது. புல்லா புழுவா, இவருக்குத் தெரியவில்லை. அவர் கண்ணாடி வீட்டுக்குள் இருந்தது.

பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற மனுஷன். தோட்டத்தில் மரப்பெட்டி மாட்டினால் குருவி வந்து குடியிருக்கும் என்று யாரோ சொல்ல, பழைய கட்டில் பலகையை அறுத்துச் செய்தார். முதுகுப் பலகைக்கு மரம் போதவில்லை. வேலியே முதுகாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று, கணு உதிர்ந்து ஓட்டை விழுந்திருந்த அந்தப் பலகை வேலியோடு சேர்த்தே ஆணி அடித்துவிட்டார்.

அன்றிலிருந்து பெட்டிக்கு எதிரே நாற்காலி. பெட்டி வாசலை விட்டுக் கண்ணை எடுப்பதில்லை. தொட்டால் குருவி வராதாம், அதனால் கிட்டே போவதும் இல்லை.

குருவி வந்தது. பக்கத்து வீட்டுத் தையல்காரர் தோட்டத்துக்கு. வேலியில் அவர் பக்கமாகப் படர்ந்திருந்த கொடிக்குள் போவதும் வருவதுமாக இருந்தது.

அதைக்கூடப் பொறுத்திருப்பார். காலையில் இவரோடு உட்கார்ந்து டீ குடிக்கிற பெண்டாட்டி, இப்போது டம்ளரும் கையுமாக அங்கே போய் எட்ட நின்று குருவி பார்க்கிறாள். அதுதான் பொறுக்கவில்லை.

"அந்த அண்ணன் ஒண்ணுமே பண்ணலீங்க. தானா வந்திருக்கு," என்றாள் திரும்பி வந்து. "அவர் கைராசி."

"கைராசியா? எனக்குச் சட்டை தச்சானே, ஒரு கை நெட்டை ஒரு கை குட்டைன்னு. அதுவும் கைராசிதானா?"

"நீங்க இப்படி முறைச்சுக்கிட்டு உக்காந்திருந்தா எந்தக் குருவி வரும்? நானே வரமாட்டேன்."

வேலிக்கு மேல் தையல்காரர் தலை முளைத்தது. கழுத்தில் டேப்பு தொங்கியது.

"என்ன டிரைவரண்ணே, வண்டி இன்னும் காலியாத்தான் நிக்குதா? ஒரு டிக்கெட்டும் ஏறலையா?"

"நீ ஓசியில ஏத்திக்கிட்டா என் வண்டியில யார் ஏறுவா? கொடிக்குள்ள பெட்டியை ஒளிச்சு வச்சிருக்கே. எனக்குத் தெரியாதுன்னு நினைக்காதே."

"பெட்டியும் இல்ல, ஒண்ணும் இல்ல. மனசு சுத்தமா இருந்தா தானா வரும்ணே."

பெண்டாட்டி சிரித்துவிட்டாள். இவர் எதிரிலேயே, அவன் பேச்சுக்கு.

மனசு சுத்தமாம். மிச்சத் துணியை ஒரு நாளும் திருப்பிக் கொடுக்காதவன் பேசுகிற பேச்சு.

தையல்காரர் வீட்டைப் பூட்டிக்கொண்டு கடைக்குப் போனதும் டிரைவர் எழுந்தார். இது லேசான வேலை. அந்த வாசலை அடைத்தால் குருவி வேறு இடம் தேடும். பக்கத்திலேயே புதுப் பெட்டி காத்துக்கொண்டிருக்கிறது. இன்னும் புல் சுமக்கிற நேரம்தானே, இப்போது மறித்தால் ஒரு பாவமும் இல்லை.

பஸ் கண்ணாடி துடைத்த மஞ்சள் துணியைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டார். தெருவைச் சுற்றிப் போய், பக்கத்து வீட்டு கேட்டைச் சத்தமில்லாமல் திறந்தார்.

கொடிக்குள் கையை விட்டார். விருட்டென்று ஒரு குருவி முகத்தை உரசிக்கொண்டு பறந்தது. இலைக்குள் துழாவிய விரலில் பலகை தட்டுப்பட்டது. பலகையில் வட்டமாக ஓர் ஓட்டை.

"பெட்டி இல்லைன்னானே, திருட்டுப் பய." துணியை ஓட்டையில் திணித்தார். கட்டை விரலால் அழுத்தி இன்னும் திணித்தார்.

திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தபோது குருவி ஜோடி வேலிமேல் தவித்துக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் பார்த்தன, இந்தப் பக்கம் பார்த்தன. டிரைவர் மூச்சை அடக்கிக்கொண்டார்.

"வா தாயி. புது வீடு. வாடகை கிடையாது."

பக்கத்து வீடு பூட்டியிருந்ததாலோ என்னவோ, பெண்டாட்டி டீயோடு இங்கேயே வந்தாள். கையில் இரண்டு டம்ளர். அவருக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. பக்கத்தில் உட்காரப் போனவள் அப்படியே நின்றாள்.

"என்னங்க, ஏதோ கீச்சுக் கீச்சுன்னு கேக்குதே."

"எனக்கு எங்க கேக்குது?" எஞ்சினுக்குப் பக்கத்திலேயே இருந்து மந்தமாகிப் போன காது அவருக்கு.

"உங்க பெட்டிக்குள்ளதான்."

இரண்டு டம்ளரையும் அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். செல்போன் விளக்கை அடித்து, பெட்டி வாசலில் கண்ணை வைத்தாள்.

டிரைவர் எழுந்து நின்றார். டீ தளும்பிக் கையில் கொட்டியது, சுட்டதே தெரியவில்லை. தையல்காரன் கடைக்கே போய்ச் சொல்ல வேண்டும், நாலு பேர் கேட்கிற மாதிரி.

"இருக்கா? சொல்லுடி. வந்திருக்கா?"

அவள் கண்ணை எடுக்காமலே சொன்னாள்:

"நாலு குஞ்சு இருக்கு. அதுங்க தலைக்கு மேல உங்க மஞ்சத் துணி தொங்குது."